தன்மோகமா, தன்மானமா?

இக்காலத்து வாலிபர்களுக்குத் தங்களைத் தவிர உலகில் வேறொன்றும் தெரிவதில்லை என்னும் புலம்பல் நமது காதில் விழாத நாளே இல்லை எனலாம். கலியாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் இதைப் பேசுகிறார்கள். கோயில் நிர்வாகக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்ததும் இதைப் பேசுகிறார்கள். பள்ளிப் பரிசளிப்பு விழாவில் தலைமை வகிக்க வந்த கனவான், பரிசு வாங்க நிற்கும் பிள்ளைகளின் முகத்துக்கு நேராகவே இதைப் பேசிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு போகிறார்.

இதற்குச் சாட்சி கேட்டால் அவர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே, கோல சிலாங்கூர்ப் பட்டணத்துக்கு எதிர்க்கரையில் இருப்பது பாசிர் பெனம்பாங் என்னும் மீனவக் கிராமம். விடுமுறை நாட்களில் புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய பக்கங்களிலிருந்து நமது வாலிபரும் இளம் பெண்களும் அங்கே கூடுகிறார்கள். மீன் உணவு தட்டில் ஆறுகிறது. அதற்குள் பத்துப் படங்கள் கைப்பேசியில் ஏறிவிடுகின்றன. இன்னும் சிலர் படகேறிக் கடலுக்குள் போகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்கு வற்றும்போது சாசாரானுக்கு அப்பால் ஒரு மணல்திட்டு வெளிப்படுகிறது. மணலின்மேல் விரலளவு நீர் தேங்கி நிற்க, அதில் வானமும் மேகமும் நிற்பவர் உருவமும் தலைகீழாய்த் தெரிகின்றன. அதற்கு வானக் கண்ணாடி என்று பெயர். வண்ண வண்ண ஆடை உடுத்திப் போய், நீரில் தெரியும் தம் நிழலோடு தம்மைப் படம் எடுத்துக்கொள்வதற்கென்றே மக்கள் அங்கே போகிறார்கள்.

கிரேக்கருடைய பழங்கதை ஒன்றில் நார்சிஸஸ் என்னும் அழகன், தடாகத்து நீரில் தன் உருவத்தையே கண்டு மோகித்து, அவ்விடத்தை விட்டு அகல மாட்டாமல் மாய்ந்து போனான். மனநூலார் ஒரு குணக்கேட்டுக்கு அவன் பெயரையே இட்டிருக்கின்றனர். அதை நாம் தன்மோகம் என்போம். "இதோ, நமது பிள்ளைகள் அத்தனை பேரும் அவனைப் போலவே நீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், இனி என்ன சாட்சி வேண்டும்?" என்கிறார்கள் பெரியவர்கள்.

கேட்பதற்கு நியாயம் போலத்தான் தோன்றுகிறது. ஆயினும் குற்றம் சாட்டுவோரின் குரல் உரத்திருப்பதாலேயே குற்றம் ருசுவாகிவிடாது. ஆகவே இவ்வழக்கை ஒழுங்காக விசாரிக்கும்படி வாசகர்களை வேண்டுகிறோம்.

முதலாவது, இக்குற்றச்சாட்டு புதியதா? இளைஞர் சொகுசை விரும்புகிறார்கள், பெரியோரை மதிப்பதில்லை என்று கிரேக்க ஞானி சாக்ரடீஸ் வருந்தியதாக ஒரு வாக்கியத்தை நமது பேச்சாளர்கள் மேடைதோறும் எடுத்து வீசுகிறார்கள். அது சாக்ரடீஸ் சொன்னதன்று. ஃப்ரீமன் என்னும் ஆங்கிலேய மாணவர், பழங்கிரேக்கரின் கல்விமுறை பற்றி எழுதி 1907-இல் வெளிவந்த ஆராய்ச்சி நூலில், அக்காலத்துப் பெரியவர்களின் புகார்களைத் தம் சொற்களால் தொகுத்து எழுதியதே பிற்காலத்தில் சாக்ரடீஸின் தலையில் கட்டப்பட்டது. ரோமாபுரிக் கவி ஹோரஸோ, தான் சிறுவனாயிருந்த காலத்தைப் புகழ்ந்து இளைஞரை ஓயாமல் கண்டிப்பதைக் கிழவருக்குரிய குணங்களுள் ஒன்றாகவே எண்ணி, 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டான்.

நமது தமிழ் என்ன சொல்கிறது? புறநானூற்றின் 243-ஆம் பாட்டை வாசித்தவர்கள் அந்தக் கிழவரை மறக்க முடியாது. தொடித்தலை விழுத்தண்டினார் என்று, அவர் ஊன்றிய கைத்தடியைக் கொண்டே பெயர் பெற்ற புலவர் அவர். பேச்சுக்கு நடுவே இருமல் வந்து மறிக்கும் முதுமையில் தம் இளமையை நினைக்கிறார். நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்போர் வியக்கும்படி, திவலைகள் தெறிக்க மடுவில் குதித்து மூழ்கி, அடிமணலை அள்ளி வந்து காட்டிய நாட்கள் எங்கே போயின என்று இரங்குகிறார். கரையில் நிற்போர் வியக்கும்படி! இக்காலத்து வாலிபன் கைப்பேசியின் முன் செய்வதற்கும் இதற்கும் வேறுபாடு எங்கே? பிறர் கண்டு வியக்க வேண்டும் என்னும் ஆசை சங்க காலத்து இளைஞனுக்கும் இருந்தது. அப்புலவர் அதை நோயென்று தூற்றவில்லை. இழந்த செல்வமாக எண்ணி ஏங்கினார். நமது பெரியவர்களுக்கோ ஏங்குவதற்கு வெட்கமாயிருக்கிறது, ஆகையால் ஏசுகிறார்கள்.

இரண்டாவது, இலக்கியத்தை விட்டுக் கணக்குக்கு வருவோம். 1979-இல் அமெரிக்காவில் ராஸ்கின், ஹால் என்னும் இரு மனநூலார் தன்மோகத்தை அளப்பதற்கு ஒரு வினாத்தாள் அமைத்தனர். 2006 வரை அதற்கு விடையளித்த 16,000-க்கு மேற்பட்ட கல்லூரி மாணவரின் மதிப்பெண்களை ட்வெங்கி என்னும் அம்மையாரும் அவர் கூட்டாளிகளும் தொகுத்து, தன்மோகம் தலைமுறைக்குத் தலைமுறை ஏறுகிறது என்று 2008-இல் வெளியிட்டனர். மறு ஆண்டே அதைக் கொள்ளைநோய் என்று வருணித்து ஒரு நூலும் வந்தது. உலகெங்கும் பெரியவர்கள் தலையாட்டினர். ஆனால் அதே 2008-இல் ட்ரெஸ்னியெவ்ஸ்கி முதலிய வேறு ஆராய்ச்சியாளர், கலிபோர்னியா மாணவரிடம் அத்தகைய ஏற்றம் இல்லை என்று மறுத்தனர். பின்னர் 2017-இல், 50,000-க்கு மேற்பட்ட மாணவரின் விடைகளை ஒப்பிட்டவர்கள், 1990-களிலிருந்து 2010-கள் வரையில் தன்மோகம் ஏறவில்லை, சற்றுக் குறைந்தே வந்திருக்கிறது என்று கண்டனர். கொள்ளைநோய் என்ற செய்தி உலகைச் சுற்றி வந்தது. அதை மறுத்த செய்தி நமது மேடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இவை அமெரிக்கக் கல்லூரி மாணவரை அளந்தவை, நம் தோட்டத்துப் பிள்ளைகளை அளந்தவை அல்ல என்று ஆட்சேபிக்கலாம். உண்மைதான். ஆனால் இளைஞர் கெட்டார் என்று மேடையேறிப் பேசுவோர் கையில் அந்த அளவுகூட இல்லையே! மேலும் 2024-இல், 51 ஆய்வுகளில் கலந்துகொண்ட 37,000-க்கு மேற்பட்டோரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், சிறு பிராயம் முதல் முதுமை வரையில் தன்மோகம் படிப்படியாய்த் தணிந்து வருகிறது என்று கண்டனர். அஃதாவது, பெரியவர்கள் இளைஞரிடம் காண்பது காலத்தின் கேடன்று, வயதின் இயல்பு. தமக்கும் அது இருந்தது என்பதை அவர்கள் மறந்தார்கள். 2019-இல் வெளிவந்த இன்னோர் ஆராய்ச்சி இந்த மறதியைத் துலக்குகிறது. அதிகாரத்துக்கு மதிப்பளிப்பவர் இளைஞருக்கு மரியாதை குறைந்துவிட்டது என்கிறாராம். நன்றாக வாசிப்பவர் இளைஞருக்கு வாசிப்பு குறைந்துவிட்டது என்கிறாராம். இன்றைய தம் நிறைவைத் தம் பழைய இளமையின்மீது ஏற்றிவைத்து, அந்தக் கற்பனை வாலிபனோடு கண்முன் நிற்கும் வாலிபனை ஒப்பிட்டு ஏசுகிறோம் என்பதே இதன் சாரம்.

நிற்க, நாம் சொல்ல வந்த முக்கிய விஷயம் இனிமேல்தான். அமெரிக்காவில் இது மனநூலாரின் சர்ச்சை. நமது தோட்டங்களிலோ இது சரித்திரம். இந்நாட்டுத் தமிழனைப் பார்த்து "உனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது" என்று முதலில் சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார் என்பதை ஆராயாமல் இவ்வழக்குக்குத் தீர்ப்பெழுதக் கூடாது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்டு சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தை வாசகர்கள் அறிவார்கள். ஆர். எச். நாதன் முன்னின்று கொடுத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது இருந்தது. தமிழ்க் கல்வி சரியாக வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், நம் பெண்களின் மானத்தில் கை வைக்கக் கூடாது என்பவையும் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையும் தோட்டத்து உத்தியோகஸ்தரும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பது அது. கூலியைப் பற்றிக் கேட்டது வயிறு. சைக்கிளைப் பற்றிக் கேட்டது எது? அவ்வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் காந்தி குல்லாய் அணிந்து வந்தனர். துரைமாரின் கண்ணுக்குக் குல்லாயும் சைக்கிளும் வெறும் திமிராகவே பட்டன. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் நம்மவர் உயிர் துறந்தனர்.

1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில், ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் சீருடை அணிந்து அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். சீருடையில் தம்மைக் காட்டிக்கொள்ளும் ஆசை அவர்களுக்கும் இருந்திருக்கும். ஏன் இருக்கக் கூடாது? நிமிர்ந்து நடக்கக் கற்றவன் பிறர் காண நடக்கத்தானே விரும்புவான்?

சைக்கிளை விட்டு இறங்க மறுத்த அந்த இளைஞரே இன்றைய வாலிபரின் பாட்டனும் பூட்டனும். அன்று மேலிருந்தோர் எதைத் திமிர் என்றார்களோ, அதையே இன்று நாம் தன்மானம் என்று விழா எடுத்துப் போற்றுகிறோம். அப்படியிருக்க, மேலே படிக்க வேண்டும் என்று கேட்கும் பெண்ணிடமும், இந்த வரன் வேண்டாம் என்று சொல்லும் பெண்ணிடமும், கோயில் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்கும் பையனிடமும் "உனக்குத் திமிர்" என்று நமது பெரியவர்கள் சொல்லும்போது, அந்தச் சொல்லை யாரிடமிருந்து கடன் வாங்குகிறார்கள் என்று சற்று நினைத்துப் பார்க்க வேண்டாமா?

படம் எடுக்கும் விஷயத்துக்கும் வருவோம். இந்த வட்டாரத்தில் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் செம்பனைப் பயிர்த்தொழில் தொடங்கிற்று. தொடங்கியவர் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் பெயரைச் சரித்திரம் வைத்திருக்கிறது, படத்தையும் வைத்திருக்கிறது. இந்த வட்டாரத்தில் காடழித்துக் குழி வெட்டிய தமிழர்களின் பெயர் எங்கே? விடியுமுன் பெரட்டுக் களத்தில் கங்காணி கூப்பிட்ட பெயர்கள் செக்ரோல் புத்தகத்தில் ஏறின. அப்புத்தகங்களோடு மக்கிப் போயின. முகமோ எதிலும் ஏறவில்லை.

நமது பாட்டன்மாரில் பலர் முதன்முதலாகப் படம் பிடிக்கப்பட்டது எப்போது தெரியுமா? 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 12 வயது நிறைந்தோர் யாவரும் படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டபோதுதான். அந்தப் படம் அவர்கள் விரும்பி எடுத்துக்கொண்டதன்று. யார் எங்கே இருக்கிறார் என்று கண்காணிக்க எடுக்கப்பட்டது. அழகாயிருக்கிறதா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. நேரே பார், அசையாதே என்பது மட்டுமே உத்தரவு. லயத்து வீட்டில் இறந்தவர் படத்துக்கு மாலை போட வேண்டிய நாளில், அந்த அட்டைப் படத்தையே பெரிதாக்கி மாட்டிய குடும்பங்கள் உண்டு.

அப்படிப்பட்ட பாட்டனின் பேத்தி இன்று கடல் நடுவே நின்று, தான் விரும்பிய ஆடையில், தான் விரும்பிய பக்கம் திரும்பி, "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறாள். இதைக் கண்டு நெஞ்சு குளிர வேண்டிய சமூகம் முகம் சுளிக்கிறது. மூன்று தலைமுறை காணாத முகத்தை நான்காம் தலைமுறை காண விழைவது நார்சிஸஸின் நோயாகுமா?

இனி, குற்றம் சாட்டும் பெரியவர்களைச் சற்றுக் கூண்டில் ஏற்றுவோம். கும்பாபிஷேக அழைப்பிதழைப் பிரித்துப் பாருங்கள். சுவாமியின் பெயர் ஒருமுறை, கனவான்களின் பெயர் ஒரு முழுப் பக்கம். கோயில் விளக்கில் உபயகாரரின் பெயரை எழுதி எழுதி, வெளிச்சம் வரும் வழியை அடைத்துவிட்டோம். பிறந்த நாளுக்குத் தமக்குத் தாமே வாழ்த்து விளம்பரம் கொடுப்பவர் யார்? பட்டம் கிடைத்த மறுநாள் வாழ்த்துப் பதாகை கட்டச் சொல்லி ஆள் அனுப்புபவர் யார்? பொன்னாடை போர்த்தும்போது படக்காரர் தவறவிட்டார் என்று, போர்த்தியதைக் கழற்றி மறுபடி போர்த்தச் செய்பவர் யார்? இருபது வயதுப் பெண் தன் செலவில் எடுத்துக்கொள்ளும் படம் தன்மோகம். அறுபது வயதுக் கனவான் பொதுப்பணத்தில் எடுத்துக்கொள்ளும் படம் சமூக சேவை! இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்?

இப்படிச் சொல்வதால் வாலிபரிடம் குறையே இல்லை என்று நாம் வாதிப்பதாக எவரும் கருத வேண்டாம். வாலிபர்களே, உங்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. தன்மானம் வேறு, தன்மோகம் வேறு. தன்மானமுள்ளவன் பிறர் மானத்தையும் தன் மானம்போல் காக்கிறான். தன்மோகம் கொண்டவன் பிறரையெல்லாம் தன் முகம் பார்க்கும் கண்ணாடியாக்கிக்கொள்கிறான். சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவன் தனக்காக மட்டும் மறுக்கவில்லை. தோட்டத்தில் உள்ள எல்லாரும் இறங்காமல் போக வேண்டும் என்று மறுத்தான். நீங்கள் எடுக்கும் படத்தில் யாருக்காக நிற்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வானக் கண்ணாடியில் உங்களை அத்தனை அழகாய்ப் படம் எடுத்துத் தருபவர் பெரும்பாலும் படகுக்காரரே. ஈரமணலில் குனிந்தும் படுத்தும் அவர் எடுக்கிறார். அவர் எந்தப் படத்திலும் இல்லை. அவர் பெயரைக் கேட்டீர்களா? இட்ட படத்துக்கு எத்தனை விருப்பக்குறி விழுந்தது என்று இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பது தன்னைக் காதலிப்பதுமன்று. அது தன் மதிப்பை முன்பின் அறியாதவர் கையில் அடகு வைப்பதாகும். அந்த அடகுக்கடையின் முதலாளியோ நம் தோட்டத்திலும் இல்லை, பட்டணத்திலும் இல்லை. நீங்கள் எத்தனை நாழிகை திரையைப் பார்க்கிறீர்களோ அத்தனை நாழிகைக்கும் விளம்பரக்காரரிடம் பணம் வாங்கும் பெருங்கம்பெனி அது. அன்று நம் உழைப்பைக் கள்ளுக்கடை உறிஞ்சிற்று. இன்று நம் பார்வையை உறிஞ்சக் கடை திறந்திருக்கிறார்கள். பாட்டன் மறித்த கடை வாசலில் பேரன் வரிசையில் நிற்கலாமா?

ஆயினும் அந்த வாசலுக்கு அவர்களை விரட்டுவது எது? பிள்ளைக்கு வீட்டில் ஒரு நல்ல சொல் இல்லை. சங்கத்தில் நாற்காலி இல்லை. கோயிலில் தட்டு ஏந்துவதற்கு அழைக்கிறார்கள், முடிவு எடுப்பதற்கு அழைப்பதில்லை. நம்மிடம் கிடைக்காத மதிப்பை அவன் அந்நியரிடம் தேடுகிறான். பசித்தவனைப் பார்த்துச் சாப்பாட்டு ராமன் என்று பரிகசிப்பது என்ன தர்மம்?

ஆகவே பெரியவர்களுக்கு நாம் சொல்வது இது. ஏசுவதை நிறுத்தி இடம் கொடுங்கள். ஒவ்வொரு கோயில் நிர்வாகத்திலும், பள்ளி வாரியத்திலும், சங்கத்திலும் முப்பது வயதுக்குட்பட்ட ஆணும் பெண்ணும் வாக்குரிமையோடு உட்காரட்டும். கணக்குக் கேட்பவனைத் திமிர்பிடித்தவன் என்னாமல் கணக்கைக் காட்டுங்கள். பிறர் காணத் தக்க காரியம் செய்ய வழி கிடைத்தால், வெறும் முகத்தைக் காட்ட அவர்களுக்கு அவ்வளவு நேரம் இராது.

வாலிபர்களுக்கு நாம் சொல்வது இதனினும் அவசரமானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போயின. லயங்கள் இடிக்கப்பட்ட இடத்தில் வீட்டுமனைகளும் தொழிற்சாலைகளும் எழும்புகின்றன. இருட்டில் எழுந்து பால் மரம் வெட்டிய கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. அவர்கள் பெயரைத் துரையின் நூல் எழுதவில்லை. அரசாங்கம் எடுத்த படமோ அட்டைக்குள் அடங்கிற்று. இந்நாட்டுத் தோட்டத் தமிழன் எவரிடமும் அனுமதி கேளாமல் தன் கையில் வைத்திருக்கும் முதல் படப்பெட்டி உங்கள் கைப்பேசியே. அதை உங்கள் பக்கம் திருப்புங்கள், எமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பாட்டி பக்கமும் ஒருமுறை திருப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், பெரட்டுக்கு எத்தனை மணி, கங்காணி யார், பிள்ளையை எங்கே விட்டுவிட்டு மலைக்குப் போனாள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவள் சொல்லுவாள். இதுவரை எவரும் கேட்காததனாலேயே சொல்லாமல் இருக்கிறாள்.

அந்தக் காரியத்தை நீங்கள் செய்து முடிக்கும் நாளில், உங்களைத் தன்மோகிகள் என்று பழிப்பதற்கு எவருக்கும் நா எழாது. செய்யாமல் விட்டாலோ, பெரியவர்கள் இன்று பொய்யாகச் சுமத்தும் பழியை நீங்களே மெய்யாக்கிக் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.